பணயச் சிறுவர்களின் முகம்: திப்பு மைந்தர் ஓவியங்களில் மனநிலையும் குறியீடும்

1. கேள்வி

வளர்ந்தவர் ஒருவரின் உருவப்படத்தில் இறுகிய உதடுகளைக் கண்டால் உறுதி, செருக்கு, களைப்பு எனப் பல பொருள் கொள்ள இடமுண்டு. அதே உதடுகள் ஒரு குழந்தையின் முகத்தில் இருந்தால் பார்வையாளர் பெரும்பாலும் துயரம் என்றே முடிவு செய்கிறார். குழந்தை இயல்பாகச் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் ஏதோ குறை என்ற எண்ணம் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவரிடம் இருக்கிறது. மேலும், குழந்தை தன் படத்தைத் தானே வரையச் சொல்வதில்லை. உடை, நிற்கும் இடம், கையில் உள்ள பொருள், உடனிருப்போர் அனைத்தையும் பெரியவர்களே தீர்மானிக்கின்றனர். எனவே அந்தப் படத்தில் தெரியும் மனநிலை குழந்தையுடையதா, ஓவியருடையதா, படத்துக்குப் பணம் கொடுத்தவருடையதா, பார்ப்பவருடையதா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வியை ஆராயத் தென்னிந்திய வரலாற்றில் பொருத்தமான சான்று ஒன்று உண்டு. 1792இல் ஆங்கிலேயரிடம் பணயமாக ஒப்படைக்கப்பட்ட மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பற்றிய ஓவியங்களே அந்தச் சான்று. ஒரே நிகழ்வைப் பல ஓவியர்கள் வரைந்துள்ளனர். நிகழ்வை நேரில் கண்ட இராணுவ அதிகாரி எழுதிய விவரமான குறிப்பும் கிடைக்கிறது. படத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இத்தகைய வாய்ப்பு அரிது.

2. நிகழ்வும் நிலப்பரப்பும்

ஆங்கிலேய–மைசூர்ப் போர்களின் விளைவே இந்த ஒப்படைப்பு. ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரம் கர்நாடிக் தாழ்நிலத்துக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடைப்பட்ட விளிம்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நான்கு முறை நடந்த ஆங்கிலேய–மைசூர்ப் போர்களில் இந்த விளிம்பு படைகளின் வழித்தடமாக இருந்தது. 1767இல் திப்புவின் தந்தை ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1791 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து ஆம்பூர் வழியே மலையேறப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூர் அருகே முகலிக் கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தார்.

மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையோடு முடிந்தது. உடன்படிக்கைப்படி திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்பினார். தொகை தீரும்வரை இரு மகன்களைப் பணயமாக அனுப்ப வேண்டியிருந்தது. 1792 பிப்ரவரி 26 அன்று அப்துல் காலிக், முயீஸுத்தீன் என்ற இரு சிறுவர்களும் யானை மீதேறி ஆங்கிலேயப் பாசறைக்கு வந்தனர். மூத்தவருக்கு வயது பத்து, இளையவருக்கு எட்டு என்று நிகழ்வை நேரில் கண்ட மேஜர் அலெக்சாண்டர் டைரம் எழுதுகிறார். சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர்.

இந்த ஒப்படைப்பை ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன், ஆர்தர் வில்லியம் டெவிஸ் உள்ளிட்டோர் வரைந்தனர். செதுக்குப் பதிவுகளாக அச்சிடப்பட்ட படிகள் இங்கிலாந்தெங்கும் விற்பனையாயின. தாமஸ் பேங்க்ஸ் வடித்து 1800இல் சென்னையில் நிறுவப்பட்ட கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் இதே காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம்.

3. இதுவரை வந்த விளக்கங்கள்

இந்த ஓவியங்களைப் பற்றிய விளக்கங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை அக்கால ஆங்கிலேயருடையது. அவர்கள் பார்வையில் இது கருணையின் காட்சி. கொடுங்கோலனின் பிடியிலிருந்து வந்த குழந்தைகளை ஆங்கிலத் தளபதி தந்தைபோல் ஏற்கிறார். இரண்டாவது கலை வரலாற்றாசிரியர்களின் வகை. இந்தியாவில் பணிபுரிந்த பிரித்தானிய உருவப்பட ஓவியர்களைப் பற்றி 1979இல் விரிவான நூல் வெளியிட்ட மில்ட்ரெட் ஆர்ச்சர் இதில் முதன்மையானவர். யார் எப்போது யாருக்காக வரைந்தார், படத்தில் நிற்கும் அதிகாரிகள் யார் என்ற அடையாளங்களை உறுதிசெய்வது இவ்வகையின் பணி. மூன்றாவது வகை 1990களில் வலுப்பெற்றது. கேட் டெல்ட்ஷர் போன்றோர், குழந்தைகளைப் பணயமாகக் கொள்ளும் செயலைத் தத்தெடுப்புப் போல மாற்றிக் காட்டும் அரசியலை இப்படங்களில் கண்டனர்.

மூன்றாம் வகை விளக்கத்துக்கு வலுவான பின்னணி உண்டு. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்தவர் கார்ன்வாலிஸ். ஒப்படைப்பு நடந்த ஆண்டில் இலண்டனில் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேராசையும் கொடுமையும் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. இந்நிலையில் சிறுவர்களின் கையைப் பற்றி நிற்கும் தளபதியின் படம் தனிமனிதருக்கும் நிறுவனத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டது.

ஆயினும் இம்மூன்று வகைகளிலும் சிறுவர்களின் முகம் உரிய கவனம் பெறவில்லை. முதலாவது அவர்களை நன்றியுள்ள குழந்தைகளாக எண்ணியது. இரண்டாவது பெயரிட்டதோடு நின்றது. மூன்றாவது ஆங்கிலேயரின் நோக்கத்தை ஆராயும் முனைப்பில் சிறுவர்களை அந்நோக்கத்தின் கருவிகளாக மட்டுமே கண்டது.

4. முகமும் எழுத்துச் சான்றும்

டைரமின் நூல் 1793இல் இலண்டனில் வெளிவந்தது. இரு சிறுவர்களின் முகத்தையும் அவர் தனித்தனியே விவரிக்கிறார். மூத்தவர் சற்றுக் கருத்த நிறத்தவர், நீண்ட, சிந்தனை தோய்ந்த முகத்தவர். சூழலின் புதுமை விலகியபின் அவரிடமும் உயிர்ப்புத் தெரிந்தது. இளையவர் சிவந்தவர், வட்ட முகமும் பெரிய கண்களும் கொண்டவர், அண்ணனைவிடத் துடிப்பானவர். இருவரும் மழலைப் பருவம் முதலே மிகுந்த கவனத்தோடு வளர்க்கப்பட்டவர்கள். முதியோரின் அடக்கத்தையும் பணிவையும் பயின்றவர்கள். அவர்களின் பிசகற்ற நடத்தை கண்டு அங்கிருந்தோர் வியந்தனர் என்றும் அவர் எழுதுகிறார்.

இக்குறிப்பிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, இருவரின் மனநிலையும் ஒன்றல்ல. ‘திப்புவின் மைந்தர்’ என்ற பொதுப்பெயரில் இரு வேறு குழந்தைகள் மறைந்திருக்கின்றனர். இரண்டாவது, அன்று தொடக்கத்தில் தெரிந்த முகபாவம் நேரம் செல்லச் செல்ல மாறியது. ஓவியம் அதில் ஒரு கணத்தை மட்டுமே பிடிக்க முடியும். மூன்றாவது, அவர்களின் அமைதி பயிற்சியால் வந்தது. அரண்மனையில் வளரும் பிள்ளை அவையில் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் நிற்கக் கற்கிறான். அந்த அமைதியைச் சோகம் என்று வாசிப்பது, கற்ற மரியாதையைக் காயமாகக் கருதுவதாகும்.

மைசூர் அரசவையின் சொந்த ஓவிய மரபும் இதையே உறுதிசெய்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780இல் காஞ்சிபுரம் அருகே நடந்த பொள்ளிலூர்ப் போர் வரையப்பட்டுள்ளது. வெட்டும் குத்துமான களத்தில் ஹைதரும் திப்புவும் சலனமற்ற முகத்தோடு வருகின்றனர். நிலைகுலைந்த தோற்றம் ஆங்கிலேயப் படைக்கே தரப்பட்டுள்ளது. முகம் அசையாதிருப்பது அந்த மரபில் ஆளும் தகுதியின் அடையாளம். அம்மரபில் வளர்ந்த சிறுவர்கள் ஐரோப்பிய ஓவியத்துக்குள் அதே முகத்தோடு நுழைந்தபோது, ஐரோப்பியப் பார்வையாளர் அதற்கு வேறு பொருள் கொண்டார்.

இந்த வேறுபாடு ஓவியர்களுக்கிடையிலும் புலப்படுகிறது. ஹோம் 1791 முதல் தென்னிந்தியாவில் இருந்தவர். கார்ன்வாலிஸின் படையோடு சென்றவர். இலண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ள அவரது பெரிய ஓவியத்தில், ஓவியக் கோப்பை ஏந்திய தன்னையும் ஓர் ஓரத்தில் வரைந்து, கண்கண்ட சாட்சியாக நிறுத்திக்கொள்கிறார். அப்படத்தின் அழுத்தம் கூட்டத்திலும் சடங்கிலும் இருக்கிறது. இந்தியாவுக்கே வராத மேதர் பிரவுனோ, சிறுவர்கள் அந்தப்புரத்தை விட்டுப் பிரியும் காட்சியையும் கற்பனையில் வரைந்தார். ஐரோப்பிய ஓவியர் எவரும் கண்டிருக்க முடியாத அக்காட்சியில் பிரிவுத் துயரே மையப் பொருள். களத்துக்குத் தொலைவில் இருந்த தூரிகையே மிகுதியான கண்ணீரைத் தந்தது என்பது கவனிக்கத் தக்கது.

5. குறியீடுகள்: இரு மொழிகள் பேசும் பொருட்கள்

முகம் தெளிவாகப் பேசாத இடத்தில் பார்வையாளர் உடையிலும் பொருளிலும் விடை தேடுகிறார். இப்படங்களில் உள்ள ஒவ்வொரு பொருளும் இருவேறு மரபுகளில் இருவேறு பொருள் தருகிறது.

வெள்ளை மஸ்லின் அங்கி. சிறுவர்கள் நீண்ட வெள்ளை மஸ்லின் அங்கி அணிந்திருந்தனர் என்று டைரம் குறிப்பிடுகிறார். தென்னிந்திய இஸ்லாமிய அரசவைகளில் அது பெரியவர்களும் அணியும் அவையுடை. 1780களின் இங்கிலாந்திலோ வெள்ளை மஸ்லின் குழந்தைகளின் உடை. ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸின் புகழ்பெற்ற ‘களங்கமற்ற பருவம்’ ஓவியத்தில் அமர்ந்திருக்கும் சிறுமியின் உடையும் வெள்ளையே. ரூஸோவின் ‘எமில்’ 1762இல் வெளிவந்தபின் குழந்தைமையைக் களங்கமின்மையோடு இணைத்துக் காணும் போக்கு ஐரோப்பாவில் வலுத்திருந்தது. ஆகவே மைசூரில் அவை மரியாதையாக அணியப்பட்ட உடை இலண்டனில் பேதைமையின் அடையாளமானது.

முத்தும் மரகதமும். கழுத்தில் பல வரிசை முத்துமாலைகள்; வைரங்கள் சூழப் பதித்த மாணிக்கமும் மரகதமும். அரசு தோற்றாலும் அரசகுலம் தாழவில்லை என்று தந்தையின் சார்பில் அறிவித்தவை இவை. கோடிக்கணக்கில் இழப்பீடு எதிர்பார்த்த தரப்புக்கு அதே நகைகள் தோற்ற நாட்டின் செல்வத்தைக் காட்டின.

பற்றிய கை. கார்ன்வாலிஸ் கூடார வாயிலில் சிறுவர்களைத் தழுவி, இரு கைகளிலும் ஒவ்வொருவரைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். தன் இருபுறமும் அமர்த்தினார். இச்சிறுவர்கள் இனி அவரையே தந்தையாகக் கருத வேண்டும் என்ற கருத்துப்படத் திப்புவின் வக்கீல் (தூதர்) குலாம் அலி பேசினார். எனவே கைபற்றும் காட்சி ஓவியர் புனைந்ததன்று. ஆனால் தழுவலும் அருகில் அமர்த்தலும் இந்திய அவை வழக்கில் ஏறத்தாழ நிகரானவருக்குச் செய்யும் மரியாதைகள். 21 குண்டு முழக்கமும் அவ்வாறானதே. ஓவியத்தில் இந்த அரசியல் மரியாதை பின்னுக்குப் போய், பெரியவர்–சிறியவர் என்ற குடும்ப உறவு முன்னுக்கு வருகிறது. வக்கீலின் சொற்களையும் இவ்வாறே இருமுகமாகக் கொள்ளலாம்: பணிவின் மொழியில், இக்குழந்தைகளுக்கு ஒரு தந்தையின் பொறுப்பு உமக்குண்டு என்று எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தும் பேச்சு அது.

பின்னுக்குத் தள்ளப்பட்டவை. அன்று கார்ன்வாலிஸ் இருவருக்கும் பொற்கடிகாரம் அளித்தார். சிறுவர்கள் மகிழ்ந்தனர் என்கிறார் டைரம். பின்னர் வெற்றிலையும் அத்தரும் வழங்கிச் சந்திப்பு முடிக்கப்பட்டது. குழந்தைகள் மகிழ்ந்ததாகச் சான்றுள்ள இந்தக் கணத்தை விட்டுவிட்டு, கையளிக்கும் கணத்தையே இக்காட்சியின் ஓவிய மரபு பற்றிக்கொண்டது. சில வாரங்களுக்குப் பின், மார்ச் மாதத்தில், முடிவான உடன்படிக்கைப் படியைக் கார்ன்வாலிஸிடம் நேரில் கொடுத்தவர் மூத்தவரான அப்துல் காலிக். இளவரசராகச் செயல்பட்ட அந்தச் சிறுவனையும் பொதுநினைவு தக்கவைத்துக்கொள்ளவில்லை. எதை வரைவது என்ற தேர்விலேயே மனநிலை பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

6. ஓர் ஒப்பீடு: கோயாவின் சிவப்புடைச் சிறுவன்

ஏறத்தாழ இதே காலத்தில், 1787–88 அளவில், ஸ்பானிய ஓவியர் கோயா மனுவேல் ஒசோரியோ என்ற பிரபுக் குடும்பச் சிறுவனை வரைந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தில், சிவப்புடை அணிந்த குழந்தை மாக்பை என்னும் பறவையைக் கயிற்றில் பிடித்திருக்கிறது. மறுபுறம் பறவைக் கூண்டு. பின்னால் இருளில் பூனைகள் அந்தப் பறவையை உற்றுநோக்குகின்றன. குழந்தையின் வெளிறிய முகத்தில் வெளிப்படையான உணர்ச்சி எதுவும் இல்லை.

1784இல் பிறந்த மனுவேல் 1792இல் இறந்தான். இச்செய்தி தெரிந்த பார்வையாளருக்குப் பூனைகள் மரணத்தின் தூதுவராகவும், பறவை உடலை விட்டுப் பிரியவிருக்கும் உயிராகவும் தோன்றுகின்றன. கிறித்தவ ஓவிய மரபில் பறவைக்கும் உயிருக்கும் தொடர்புண்டு என்பதால் இது முற்றிலும் ஆதாரமற்ற விளக்கமன்று. ஆனால் பறவையும் பூனையும் வீட்டுக் குழந்தையின் விளையாட்டுத் தோழர்களும்கூட. பறவையின் அலகில் கோயா தன் பெயர்ச்சீட்டையே செருகியிருக்கிறார். படத்தில் உள்ள அச்சுறுத்தல் பூனைகளின் கண்களில் இருக்கிறது. குழந்தையின் முகத்தில் இல்லை. சூழலின் மனநிலையும் உருவத்தின் மனநிலையும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதே இந்தப் படம் தரும் பாடம். ஹோமின் ஓவியத்திலும் யானைகள், சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், நெருக்கியடிக்கும் கூட்டம் ஆகியவை எழுப்பும் கலக்கத்தைப் பார்வையாளர் சிறுவர்களின் முகத்தில் ஏற்றிவிடுகிறார்.

7. மெய்ப்பாடு என்னும் அளவுகோல்

படத்தை வாசிக்க மேற்கத்திய ஆய்வாளர்கள் வகுத்த முறைகளில் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் விளக்கிய மூன்று படிநிலைகள் புகழ்பெற்றவை: கண்ணுக்குத் தெரிவது, மரபு தரும் பொருள், காலத்தின் ஆழ்மனப்போக்கு. குறியீட்டை வாசிக்க இது பெரிதும் உதவும். மனநிலையை வாசிக்கத் தமிழ் மரபிலேயே நுட்பமான கருவி ஒன்று இருக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்கவில்லை; ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. உணர்ச்சியை உடலில் தோன்றும் குறியாக மட்டும் கொள்ளாமல், எந்தக் களத்திலிருந்து எழுந்தது என்று கேட்கச் செய்வதே இப்பகுப்பின் சிறப்பு. செய்யுளுக்கு வகுத்ததை ஓவியத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் ஐயங்களை வகைப்படுத்த இது உதவும்.

1792 பிப்ரவரி நிகழ்வுக்கு இந்த அளவுகோலைப் பயன்படுத்தினால், பெற்றோரைப் பிரிந்ததால் வரும் இழவும் தந்தை தோற்றதால் வரும் இளிவும் அழுகைக்குக் களம் தருகின்றன. அதிகாரத்தின் முன் நிற்பதால் அச்சத்துக்கும் இடமுண்டு. ஆனால் நேரில் கண்டவர் பதிவு செய்திருப்பவை வேறு இரண்டு: சூழலின் புதுமையால் வந்த மருட்கை, கல்வியால் வந்த பெருமிதம். அழுகையும் அச்சமும் இல்லை என்பது இதன் பொருளன்று; சான்று மேலே காட்டுவது ஒன்று, களத்திலிருந்து ஊகிக்கத் தக்கது மற்றொன்று. உவகைக்கு உரிய களன்களில் ஒன்றாகிய விளையாட்டு இப்படங்களில் இடம்பெறவே இல்லை. கோயாவின் சிறுவனுக்குக் கிடைத்த கயிறும் பறவையும் மைசூர்ச் சிறுவர்களுக்குக் கிடைக்கவில்லை. குழந்தைகளாகப் பரிவு காட்டப்பட்டாலும் அவர்கள் அரசின் பிரதிநிதிகளாகவே நிறுத்தப்பட்டனர்.

8. வேலூரும் பின்வந்த அறிவும்

இச்சிறுவர்களின் பிற்கால வாழ்க்கை தெரிந்தவர்கள் இப்படங்களை வெறும் 1792இன் கண்களால் பார்க்க இயலாது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார். அரண்மனைக்குள் சென்ற ஆங்கிலேயப் படையின் மேஜர் ஆலன், ஏழாண்டுகளுக்கு முன் பணயமாக ஒப்படைக்கப்பட்டபோது தான் கண்ட முயீஸுத்தீனை அங்கே மீண்டும் கண்டார். அச்சத்தை மறைக்க இளவரசர்கள் எவ்வளவு முயன்றும் அது வெளிப்பட்டது என்றும், அது தன் இரக்கத்தைத் தூண்டியது என்றும் அவர் எழுதினார். ஒரே ஆளை இரு தருணங்களில் கண்ட ஒருவரின் சாட்சி என்பதால் இது மதிப்புமிக்கது. 1792இல் பேசப்பட்ட பயின்ற அடக்கம், 1799இல் உடையும் நிலையில் இருந்தது. அடக்கத்துக்கு அடியில் அச்சம் இருந்திருக்கலாம் என்ற ஊகத்துக்கு இது இடம் தருகிறது; 1792க்கான நேரடிச் சான்றாக இதைக் கொள்ள முடியாது.

அதன்பின் திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி வரைந்த திப்பு மைந்தர்களின் தனித்தனி உருவப்படங்கள் இப்போது கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் உள்ளன. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகையைத் திணித்ததும், தாடியையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்ததும் அதற்கு உடனடிக் காரணங்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே தலைப்பாகை என்ற குறியீட்டின் எடை விளங்குகிறது. 1792இன் சிறுவர்கள் தலையில் முத்துச்சரம் பதித்த சிவப்புத் தலைப்பாகை இருந்தது. ஐரோப்பியப் பார்வையாளருக்கு அது கீழைநாட்டு வண்ண அலங்காரம். பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் வேலூர்ச் சிப்பாய்கள் உயிரைக் கொடுக்கத் துணிந்ததற்கு ஒரு காரணம், தலையில் எதை அணிவது என்பது மானத்தையும் சமயத்தையும் சார்ந்தது என்பதே. இன்று வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் இந்த வரலாற்றோடு வளர்ந்த ஒருவர் அந்தச் சிவப்புத் தலைப்பாகையைக் காணும்போது அணிகலனைத் தாண்டி உரிமையைக் காண்பார். அது பிற்கால அறிவின் விளைவுதான். ஆயினும் அக்காலத் தென்னிந்தியருக்குத் தலைப்பாகை கொண்டிருந்த பொருளை இலண்டன் விளக்கத்தைவிட நெருங்கியே தொடுகிறது. பின்வந்த அறிவு எப்போதும் பிழைக்கே இட்டுச் செல்லும் என்று கொள்ள வேண்டியதில்லை. அதை அடையாளம் கண்டு தனியே பிரித்து வைத்தால் அதுவும் சான்றாகும்.

9. முடிவுகள்

திப்பு மைந்தர் ஓவியங்களிலிருந்து, குழந்தையின் உருவப்படத்தை வாசிப்பதற்குச் சில நெறிகளைப் பெறலாம். குழந்தையின் அசையாத முகத்தை உடனே துயரம் எனக் கொள்ளக் கூடாது. அந்த முகம் எந்த வளர்ப்பிலிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பொருட்களின் குறியீட்டை, அணிந்தவரின் மரபிலும் வரைந்தவரின் மரபிலும் தனித்தனியே வாசிக்க வேண்டும்; இரண்டும் மோதும் இடமே படத்தின் பொருள் செறிந்த இடம். வரையப்பட்ட கணத்தோடு விடப்பட்ட கணங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூழல் எழுப்பும் உணர்ச்சியையும் பின்னாளில் அறிந்த செய்தி எழுப்பும் உணர்ச்சியையும் குழந்தையின் முகத்தில் ஏற்றிவிடாமல், அவற்றுக்குரிய இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த நெறிகளின்படி பார்த்தால் 1792இன் இரு சிறுவர்களும் நன்றி கலந்த அமைதியோடு நின்ற குழந்தைகள் என்ற பழைய விளக்கமும், பேரரசின் கையில் சிக்கிய மௌனப் பொம்மைகள் என்ற பிற்கால விளக்கமும் போதாதவை. புதிய சூழலின் வியப்புக்கும் பயின்ற பெருமிதத்துக்கும் இடையே, ஒருவர் சிந்தனை வயப்பட்டவராகவும் மற்றவர் துடிப்பானவராகவும், தம் தந்தையின் அரசை அவையில் காத்து நின்றனர் என்பதே சான்றுகளுக்கு மிக நெருக்கமான விளக்கம். பத்தும் எட்டும் வயதுடையோர் அவ்வாறு நிற்க வேண்டியிருந்தது என்பதில்தான் அந்த ஓவியங்களின் துயரம் இருக்கிறது. அத்துயரத்தை முகத்தில் தேடுவதைவிட, அவர்களை அங்கே நிறுத்திய உடன்படிக்கையில் தேடுவதே பொருத்தம்.